தலையில் டையோடு கதவைத் திறந்தவர்

போன வருடம் ஜூலை மாதம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற எடிசனில் இருந்து ஒரு வாரம் பாரிஸுக்குப் போயிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், பதினோராம் வகுப்புக்குப் போகவிருந்த எங்கள் மகள். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு இந்தியாவைத் தவிர வேறு எங்காவது போவது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. நான் சொல்லப்போவது பாரிஸில் நடந்ததல்ல. அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் ப்ரொவான் என்ற சின்ன ஊரில் நடந்தது.

எனக்கு ஈபிள் டவர், ஒரு படகு சவாரி, கொஞ்சம் கடைத்தெரு, அவ்வளவு போதும். என் கணவர் அப்படி இல்லை. டேட்டாபேஸ் வேலை பார்க்கிற மனுஷன், ஆனால் தினமும் மன்ஹாட்டன் ரயிலில் போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் எந்தச் சரக்கு எந்த வழியாகப் போனது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டிக்கெட் போட்ட அன்றே சொல்லிவிட்டார், ஒருநாள் ப்ரொவானுக்கு என்று. அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சந்தை இருந்தது என்றார். இப்போது இருக்கிறதா என்றேன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது என்றார்.

போன பிறகு நானே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஊர் அழகாகத்தான் இருந்தது. மேட்டின் மேல் ஒரு பாதி, கீழே ஒரு பாதி. மேல் ஊரைச் சுற்றி கல் மதில், நடுவில் எட்டுப் பட்டையாக ஒரு பெரிய காவல் கோபுரம். மரச்சட்டம் வெளியே தெரிகிற பழைய வீடுகள், கொஞ்சம் சாய்ந்தாற்போல், ஆனால் விழாமல் நிற்கின்றன. சதுக்கத்தில் ஒரு பழைய கிணறு, அதைச் சுற்றி உணவகங்கள். கோபுரத்தின் குறுகலான படிகளில் ஏறும்போதும் இவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே, எங்களுக்குப் பாடம் நடத்தியபடியே வந்தார்.

அந்தக் காலத்தில் வடக்கே இருந்து கம்பளித் துணி கொண்டுவருபவர்களும் இத்தாலியில் இருந்து மசாலாப் பொருள் கொண்டுவருபவர்களும் சந்திக்கிற இடம் இதுதானாம். நம்ம ஊர்ப் பக்கத்து மிளகு கப்பல் ஏறி, கைமாறி, கைமாறி, இந்தச் சதுக்கம் வரைக்கும் வந்திருக்கிறதாம். அப்போது இந்தப் பகுதியை ஆண்ட பிரபுக்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்களாம். சந்தைக்கு வருகிற வெளியூர்க்காரனுக்கு வழியில் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார்களாம். பிற்பாடு வியாபாரம் வேறு வழியில் போய்விட்டது. ஊர் அப்படியே நின்றுபோனது. மதிலை இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் தேவையோ வசதியோ இல்லாமல் போனதால்தான் இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம் என்றார். மகள் பாதியிலேயே, "அப்பா, ஐ காட் இட்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

தரைக்கு அடியில் இருக்கும் சுரங்க அறைகளையும் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, மூன்று வருடமாகப் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிற மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அந்த வாரம் முழுக்கவே அவள் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களாம். ஃபீஸ் கட்டினவள் நான், எனக்கு வயிறு எரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். என் கணவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி, போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். எடிசனில் நம்ம ஊர் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் சாப்பிடப் போனால், பார்க்கிங்கில் காரை நிறுத்திய உடனே சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுக்கொள்வார். உள்ளே போய் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்து, தோசை மேஜைக்கு வரும்போது மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும், கணக்குச் சரியாக இருக்கும். மத்தியானம் மூன்றரைக்குப் போனாலும் அங்கே மீல்ஸ் கிடைக்கும், நாலரைக்குப் போனாலும் கிடைக்கும். பல வருடப் பழக்கம், ஒருநாளும் பிசகியது கிடையாது.

அன்றைக்கும் அதையேதான் செய்தார். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது மணி இரண்டரை. சதுக்கத்தில் எல்லா உணவகங்களிலும் குடைக்குக் கீழே ஆட்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் மெனு போர்டைப் படித்து, சைவமாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே சமையலறையை இரண்டு மணிக்கே மூடிவிடுகிறார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்து காபி குடிப்பவர்கள். மூன்று இடத்தில் கேட்டோம், மூன்று இடத்திலும் தலையை ஆட்டினார்கள். ஒரு இடத்தில் ஐஸ்கிரீம் மட்டும் தருகிறோம் என்றார்கள்.

"சாப்பாட்டுக்குப் போட்ட ஊசிக்கு ஐஸ்கிரீமா? கீழ கண்டிப்பா பேக்கரி இருக்கும், நடங்க" என்றார் இவர். பேக்கரிக்குப் போகிற வழியில் மதிலையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, ஐஸ்கிரீம் என்றாலே எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட பொருள். மூன்று பேரும் நடந்தோம். மதில் ஓரமாக வெயிலில் போய்ப் பார்த்தால், தெருமுனையில் இருந்த பேக்கரி மூடியிருந்தது. அன்று திங்கட்கிழமை, அங்கே பல கடைகளுக்கு அதுதான் விடுமுறை நாளாம்.

அதற்குள் இவர் பேச்சு நின்றிருந்தது. எனக்கு அதுதான் முதல் அறிகுறி, இவர் பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது. மதிலுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒட்டியிருக்கிற சென்சார், சர்க்கரை இறங்கினால் போனில் அலறும். போனோ கோபுரத்தை வீடியோ எடுத்தே சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது.

என் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் மாத்திரை இருக்கும். ஆனால் அது எடிசனில், என் பழைய கைப்பையின் ஓர ஜிப்பில் பத்திரமாக இருந்தது. பாரிஸ் என்றதும் எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்குப் பிக்பாக்கெட் கதை சொல்லி என்னை மிரட்டியிருந்தார்கள். அதனால் இந்தப் பயணத்துக்கென்றே, பிளேடால்கூட அறுக்க முடியாத ஒரு பை வாங்கியிருந்தேன். பாஸ்போர்ட்டை மாற்றினேன், கார்டுகளை மாற்றினேன், மாத்திரையை மாற்றவில்லை. திருடன் எடுக்க அந்தப் பையில் எல்லாம் இருந்தது, என் புருஷனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

மகள் தன் பையைத் தரையில் கொட்டினாள். சூயிங்கம் இருந்தது, சுகர் ஃப்ரீ. மிட்டாய் டப்பா இருந்தது, அதுவும் சுகர் ஃப்ரீ. பாதி பாட்டில் கோலா இருந்தது, டயட். சர்க்கரைக்காரர் வீட்டுப் பிள்ளை வேறு என்ன வைத்திருப்பாள்? இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வாங்கினதெல்லாம் அந்த நேரத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்தது. இவர் அவளிடம், "மீட்டிங் ஆரம்பிச்சிருச்சு, லிங்க் அனுப்புப்பா" என்று சொன்னார். குழறிக் குழறிச் சொன்னார். அவளை அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பவும் சதுக்கத்துக்கு ஏற வேண்டுமென்றால் தூரம் அதிகம், அதுவரை இவர் தாங்குவாரா தெரியாது. அந்தத் தெருவில் ஒரு கடைகூட இல்லை. வெயிலுக்காக எல்லா வீட்டு ஜன்னல் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல் கொஞ்சம் திறந்து, உள்ளே ரேடியோ சத்தம் கேட்டது. அந்த வாசலுக்குப் போனேன், தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பதினைந்து வருட அமெரிக்க வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவை நான் தட்டியதே கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போவதானாலும் முதலில் மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான். எங்கள் வீட்டில் மணி அடித்தால், சோபாவை விட்டு எழுந்திருக்காமல் போனில் வாசல் கேமராவைப் பார்ப்பேன். தெரியாத முகமாக இருந்தால் சத்தம் காட்டாமல் இருந்துவிடுவேன். அங்கே நின்றுகொண்டு, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று எப்படி ஆரம்பிப்பது, தூங்குகிறவர்களாக இருந்தால் கோபித்துக்கொள்வார்களோ, போலீஸைக் கூப்பிடுவார்களோ என்றெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. அங்கே மதிலடியில் மனுஷன் சரிந்துகொண்டிருக்கிறார், நான் இங்கே வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா!" என்று மகள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன், தட்டினேன் என்பதைவிட அடித்தேன்.

உடனே திறந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. தலையில் பிளாஸ்டிக் உறை, தோளில் கறை படிந்த பழைய துண்டு, கையில் ரப்பர் உறை, நெற்றியோரம் பழுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. தலைக்கு டை போட்டுக்கொண்டு ஊறவைத்திருக்கிறார். நான் சுகர், ஹஸ்பண்ட், டயபடீஸ் என்று எனக்கு வந்த வரிசையில் சொல்லி மதில் பக்கம் கையைக் காட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஜாம் பாட்டிலும் ஸ்பூனுமாக வந்தார், வீட்டுச் செருப்போடு எனக்கு முன்னால் தெருவில் ஓடினார்.

அது ரோஜா ஜாம். அந்த ஊர் ரோஜாவுக்குப் பெயர் போனது. சிலுவைப் போருக்குப் போன ஒரு பிரபு கொண்டுவந்து நட்ட வகை என்று கதை சொல்கிறார்கள். காலையில் கடைகடையாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, நம்ம குல்கந்துதானே, அத்தனையும் சர்க்கரை என்று ஒதுக்கிவிட்டு வந்திருந்தேன்.

இவர் வாயைத் திறக்க மறுத்தார். சர்க்கரை இறங்கினால் அப்படித்தான், வீம்பு வந்துவிடும். நான் ஊட்டினால் தட்டிவிட்டார். அந்தப் பெண்மணி கல்தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, இவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் தணிந்த குரலில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். பிளாஸ்டிக் உறை மாட்டிய தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா எதிரில் உட்கார்ந்து பேசுவதை இவர் பார்த்தார். ஆச்சரியத்திலா என்னவோ, வாய் திறந்தது. ஒரு ஸ்பூன் போனது. இன்னொன்று. ஜாமோடு ரோஜா இதழும் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று அந்தம்மா தன் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்துக் கேட்டபோதுதான், பக்கத்திலிருந்து யாரோ பிரெஞ்சில் பதில் சொல்வது கேட்டது. என் மகள். அப்பாவின் நோய், ஊசி, மூடிய சமையலறை எல்லாவற்றையும் திக்கித் திணறி, அழுதுகொண்டே சொன்னாள். அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கொஞ்ச நேரம் பார்ப்போம், தெளியாவிட்டால் உடனே கூப்பிடுகிறேன் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பாட்டில் பாதிக்கு வந்தபோது இவர் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. "என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் உக்காந்திருக்கீங்க?" என்றார். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இவரை அந்தம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனோம். ரொட்டி, வெண்ணெய், சீஸ் எல்லாம் எடுத்து வைத்தார். இவருடைய போனையும் வாங்கிச் சார்ஜில் போட்டார். சென்சார் எண் இன்னும் கீழேதான் இருந்தது. நானும் தலைக்கு டை போடுகிறவள்தான். அரை மணிக்கு மேல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தலையைத் தொட்டுக் காட்டி, நீங்கள் போய்க் குளியுங்கள் என்று சைகை செய்தேன். அவர் கையை வீசி அதை ஒதுக்கிவிட்டார். திரும்பவும் காட்டினேன். அன்று மாலை அவருடைய அண்ணனின் பிறந்தநாள் விருந்து இருக்கிறது, அதற்காகத்தான் டை போட்டிருக்கிறார் என்று மகள் பேசித் தெரிந்துகொண்டு சொன்னாள். எனக்கு உட்காரவே முடியவில்லை. அவரோ போன் திரையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, காதோரம் வழிவதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இடத்தை விட்டு அசையவில்லை. எண் மேலே ஏறி, ஏறிய இடத்தில் நின்ற பிறகுதான் எழுந்து குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது நான் பயந்ததுதான் நடந்திருந்தது. அலமாரி மேல் இருந்த டப்பாவில் படம் இளம் பழுப்பு. அவர் தலை கன்னங்கரேலென்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். நான் எத்தனை தடவை சாரி சொன்னேன் என்று தெரியாது. அவர் எங்கள் மூன்று பேர் தலையையும் பார்த்தார், பெரிதாகச் சிரித்துவிட்டு என்னவோ சொன்னார்.

"இப்போ நானும் உங்க ஃபேமிலி மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்கம்மா" என்றாள் மகள்.

இதற்குள் இவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. இந்த மாதிரி வீடுகளுக்கு அடியில் அந்தக் காலத்து வியாபாரிகள் சரக்கு வைத்த நிலவறை இருக்குமே, இங்கே இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் முறைத்தேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம், உடனே ஒரு கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். கீழே வளைவு வளைவாகக் கல் கூரை, தடித்த தூண்கள். இன்றைக்கு அங்கே இரண்டு சைக்கிளும் ஒரு வாஷிங் மெஷினும் இருந்தன. இவர் தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கிருந்தோ வந்த வியாபாரி இங்கேதான் மூட்டையை இறக்கிவிட்டுப் பயமில்லாமல் படுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாஷிங் மெஷின் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அதுவரை அழ நேரமே கிடைக்கவில்லை.

வீடு திரும்பிய பின் சில விஷயங்கள் மாறிவிட்டன. இப்போதெல்லாம் தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் இவர் ஊசியை எடுக்கிறார். எங்கள் மூன்று பேர் பையிலும் நிஜமான சர்க்கரை இருக்கிறது. ஆனால் எனக்குள் தங்கியது இதெல்லாம் இல்லை.

யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், யார் தொந்தரவும் இல்லாமல் இருப்பதைத்தான் நான் இத்தனை வருடமாக நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அந்த நாகரிகம்தான் என் புருஷன் உயிர் ஊசலாடும்போதும் என் கையைக் கதவுக்கு முன்னால் பிடித்து நிறுத்தியது. அந்தப் பெண்மணி தலையில் டையும் தோளில் கறைத்துண்டுமாக, தான் எப்படி இருக்கிறோம் என்றுகூட நினைக்காமல் திறந்தார். அன்று கதவுக்கு அந்தப் பக்கம் நான் இருந்து, முன்பின் தெரியாத ஒருத்தி வெளியே நின்று தட்டியிருந்தால், தலையை அலசிவிட்டு வரலாம் என்று ரேடியோ சத்தத்தைக் குறைத்திருப்பேனே தவிர, திறந்திருக்க மாட்டேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், அருகில் தூங்குகிற இவர் மூச்சு வருகிறதா என்று இன்றும் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.